ரூட்டர் பிட் ஏன் நழுவுகிறது, மெஷின் ஏன் இழுக்கிறது?

[திரையில்: தேக்குப் பலகையில் வெட்டிய பள்ளம். பக்கவாட்டில் அறுத்து, ஆழம் தெரியும்படி.]

மரத்தில் பள்ளமும் விளிம்பும் வெட்டும் ரூட்டர் மெஷின் போட்ட இந்தப் பள்ளத்தைப் பாருங்கள். இடது முனையில் ஆழம் 6 எம்.எம்., வலது முனையில் 9. மெஷினில் ஆழ அளவை யாரும் மாற்றவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிட், அதாவது சுற்றி வெட்டும் அலகு, தன்னைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டை விட்டு மெல்ல இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் முழுசாகவே கழன்று தெறித்திருக்கும்.

ரூட்டரில் எல்லாமே ஆபத்து என்று பயமுறுத்துவதால் யாருக்கும் பயனில்லை. கவனம் வைக்க வேண்டிய இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, பிட்டைப் பிடிக்கும் கோலெட். இன்னொன்று, மெஷினை நகர்த்தும் திசை. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மீதி எல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

[திரையில்: இரண்டு கோலெட், அருகருகே.]

முதலில் கோலெட். நம் கடைகளில் கிடைக்கும் ட்ரிம்மர், அதாவது சின்ன ரூட்டர், பிட்டுகளின் காம்பு, அதாவது ஷேங்க், இரண்டு அளவில் வருகிறது: 6 எம்.எம். ஒன்று, கால் இஞ்ச் ஒன்று. கால் இஞ்ச் என்றால் 6.35 எம்.எம். வித்தியாசம் 0.35 எம்.எம்.தான், கண்ணால் பார்த்தால் தெரியாது. கால் இஞ்ச் கோலெட்டில் 6 எம்.எம். பிட்டைப் போட்டு முறுக்கினால் நட்டு இறுகும், பிட்டும் கையால் இழுத்தால் வராது. ஆனால் கோலெட்டின் உள்சுவர் காம்பை முழு நீளத்துக்கும் கவ்வாது, சில இடங்களில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். மெஷின் ஓடி அதிர்வு ஏறினதும் பிடி விட்டுப்போகும். வெட்டும்போது மரத்தூளை மேலே தள்ளும் ஸ்பைரல் பிட்டாக இருந்தால், பிட் தன்னைத்தானே கீழே இழுத்துக்கொள்ளவும் செய்யும். பெரிய ரூட்டரில் 12 எம்.எம்.முக்கும் அரை இஞ்சுக்கும், அதாவது 12.7-க்கும், இதே குழப்பம்தான்.

ஆகவே புது பிட் வாங்கினால் வெர்னியரில், அதாவது நுண்ணளவு எடுக்கும் கருவியில், காம்பை அளந்துவிடுங்கள். வெர்னியர் இல்லையென்றால், நட்டைத் தளர்த்தி பிட்டைச் சொருகி ஆட்டிப் பாருங்கள். தலையாட்டினால் அந்தக் கோலெட் அதற்கு உரியது இல்லை. பேப்பர் சுற்றியோ டேப் ஒட்டியோ சரிக்கட்டுகிற வேலை கூடவே கூடாது. அளவுக்குரிய கோலெட் தனியாகக் கிடைக்கும், விலையும் பெரிதில்லை.

[திரையில்: பிட்டின் காம்பு, மிக அருகில்.]

இந்தக் காம்பில் கறுப்பாக, வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறதா? பிட் கோலெட்டுக்குள் வழுக்கிச் சுற்றிய அடையாளம் இது. புது பிட்டின் காம்பு பளபளவென்று ஒரே சீராக இருக்கும். கீறல் விழுந்த பிட்டை ஒதுக்கிவிட்டுக் கோலெட்டையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே பிசினும் தூளும் படிந்திருந்தால் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். எண்ணெய் போடாதீர்கள், வழுக்கும்.

பிட் மாட்டுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. காம்பைக் கடைசி வரை உள்ளே விட்டு, பிறகு 2 அல்லது 3 எம்.எம். வெளியே இழுத்துக்கொண்டு இறுக்குங்கள். அடியில் முட்டிக்கொண்டு நின்றால், நட்டு இறுகும்போது கோலெட் பிட்டையும் கூடவே இழுக்க முடியாமல் பாதிப் பிடியில் நின்றுவிடும். அதே நேரம் ஆழம் போதவில்லை என்று பிட்டை அதிகமாக வெளியே இழுத்து வைப்பதும் தப்பு. காம்பில் குறைந்தது 20 எம்.எம். கோலெட்டுக்குள் இருக்க வேண்டும். பிட் இல்லாத வெறும் கோலெட்டை ஒருபோதும் ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். நசுங்கிப்போனால் அந்தக் கோலெட்டை நம்ப முடியாது.

[திரையில்: பலகையை மேலிருந்து பார்க்கும் கோணம். அம்புக்குறிகள்.]

இனி திசை. கையில் பிடித்த ரூட்டரை மேலிருந்து பார்த்தால், பிட் கடிகார முள் சுற்றும் பக்கமாகச் சுற்றும். நாம் நகர்த்தும்போது பிட்டின் பல் மரத்தை எதிர்த்துக் கடிக்க வேண்டும். அப்போது கைக்கு ஓர் எதிர்ப்பு தெரியும், மெஷின் நம் சொல்பேச்சு கேட்கும். மாற்றி ஓட்டினால் பிட் சக்கரம் மாதிரி விளிம்பின் மேல் ஏறி உருண்டோடப் பார்க்கும், மெஷின் கையைப் பறித்துக்கொண்டு போகும்.

ஞாபகம் வைக்க ஒரே விதி: மெஷின் போகிற பக்கம் முகம் வைத்து நின்றால், வெட்டுகிற மரம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். மேசைப் பலகையின் வெளி விளிம்பைச் சுற்றி ஓட்டுகிறீர்கள் என்றால், கோவிலை வலம் வருவதற்கு நேர் எதிர்ச்சுற்று. கிச்சன் சிங்குக்காகப் பலகையின் நடுவில் வெட்டிய ஓட்டையின் உள் விளிம்பு என்றால், வலச்சுற்று. இரண்டிலும் மரம் இடக்கைப் பக்கம்தான் வரும், பென்சிலால் வரைந்து பாருங்கள்.

பலகையின் நடுவே நேர்ப்பள்ளம் போடும்போது இரண்டு பக்கமும் மரம் இருக்கும். உங்களிடமிருந்து அப்பால் தள்ளிக்கொண்டு போனால் மெஷின் இடப்பக்கம் சாயப் பார்க்கும். அதனால் துணைக்கு வைக்கும் நேர்க்கட்டையை இடப்பக்கம் கிளாம்ப் செய்யுங்கள். சாய்கிற மெஷின் கட்டையோடு ஒட்டிக்கொண்டே போகும், பள்ளமும் நேராக வரும். கட்டையை வலப்பக்கம் வைத்தால் வழி முழுக்க மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டும்.

நாலு பக்கமும் விளிம்பு எடுக்கும்போது, மர ரேகைக்குக் குறுக்காக இருக்கும் இரண்டு தலைமாட்டையும் முதலில் ஓட்டுங்கள். அங்கே மூலையில் சிலாம்பு பிய்ந்தாலும், அடுத்து நீளப் பக்கத்தை ஓட்டும்போது அது வெட்டிலேயே போய்விடும். தேக்கில் இது நன்றாகவே தெரியும்.

[திரையில்: ரூட்டரின் வேக டயல். பக்கத்தில் மூன்று அளவு பிட்டுகள்.]

வேகம். பிட்டின் விட்டம் கூடினால் சுற்றைக் குறைக்க வேண்டும். 50 எம்.எம். பிட்டை நிமிஷத்துக்கு 24,000 சுற்றில் ஓட்டினால் அதன் வெளி ஓரம் மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பொதுவான கணக்கு இது: 25 எம்.எம். வரை 22,000 முதல் 24,000, 50 வரை 18,000, அதற்கும் மேல் 16,000-த்துக்குக் கீழே. பிட்டின் காம்பிலோ அட்டையிலோ அதிகபட்சச் சுற்று அச்சிட்டிருந்தால் அதுதான் முடிவு. 50-ஐத் தாண்டிய பிட்டை ரூட்டர் டேபிளில், அதாவது மெஷினை அடியில் தலைகீழாகப் பொருத்திய மேசையில்தான் மாட்ட வேண்டும், கையில் பிடித்து ஓட்டக்கூடாது. வேகக் கட்டுப்பாடு இல்லாத ட்ரிம்மரில் பெரிய பிட் வேண்டவே வேண்டாம்.

ஆழத்தை ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். 6 எம்.எம். காம்புள்ள பிட்டுக்கு ஒரு ஓட்டத்துக்கு 3 எம்.எம்., 12 எம்.எம். காம்புக்கு 6. பத்து எம்.எம். பள்ளம் என்றால் சின்ன மெஷினில் நாலு ஓட்டம். மெஷின் சத்தம் கனத்து இறங்கினால் அதிகமாகக் கடிக்கிறது என்று அர்த்தம். மரம் கருகினால் மெதுவாக ஓட்டுகிறீர்கள், அல்லது ஓர் இடத்தில் நின்றுவிட்டீர்கள், அல்லது பிட் மழுங்கிவிட்டது.

[திரையில்: தரையில் பலகை, அதன் மேல் கால். குறுக்கே சிவப்புக் கோடு.]

நம் ஊரில் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு இழைப்புளி தள்ளுவது பல தலைமுறைப் பழக்கம். இழைப்புளிக்கு அது சரி, ரூட்டருக்குச் சரிவராது. பலகையை மேசையில் வைத்து, குறைந்தது இரண்டு கிளாம்ப் போடுங்கள். கிளாம்ப் மெஷின் போகும் வழியில் இடிக்கிறதா என்று மெஷினை அணைத்த நிலையிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். லுங்கியின் தொங்கல், தோள் துண்டு, கைக்கயிறு, கையுறை எதுவும் கூடாது. கையுறை பாதுகாப்பு என்று நினைத்து மாட்டுகிறார்கள், ஆனால் சுற்றும் பிட்டில் நூல் ஒன்று சிக்கினாலும் அது விரலையே உள்ளே இழுத்துவிடும். கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம். எம்.டி.எஃப்., அதாவது மர நாரை அழுத்திச் செய்த பலகை, வெட்டினால் தூள் மாவு மாதிரி பறக்கும், கர்ச்சீப் அதைத் தடுக்காது, என்95 மாஸ்க் போடுங்கள்.

ஸ்விட்ச் போடும்போது பிட் மரத்தைத் தொடக்கூடாது. முழு வேகம் ஏறிய பிறகே உள்ளே கொண்டுபோங்கள். அணைத்த பிறகும் பிட் சில நொடி சுற்றும், நிற்கும்வரை மெஷினைக் கீழே வைக்காதீர்கள். வேலை நடுவே கரண்ட் போனால் உடனே ஸ்விட்சை அணையுங்கள், ஸ்விட்ச் லாக் போட்டிருந்தால் அதை விடுவியுங்கள். மறந்துவிட்டு டீ குடிக்கப் போனால், கரண்ட் வந்ததும் ஆளில்லாத மேசையில் மெஷின் தானாக ஓடும்.

[திரையில்: மைக்கா ஓரம் வெட்டும் பேரிங் பிட்.]

மைக்கா ஓரம் எடுக்கும் பேரிங் பிட்டுக்கு, அதாவது விளிம்போடு உருண்டு வழிகாட்டும் சின்ன பேரிங் உள்ள பிட்டுக்கு, ஒரு சின்னச் சோதனை உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாட்டுவதற்கு முன் பேரிங்கை விரலால் சுழற்றுங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். ஃபெவிகால் கட்டி ஏறி இறுகியிருந்தால், பேரிங் உருளாமல் பிட்டோடு சேர்ந்து சுற்றி, மைக்காவின் மேல்பரப்பைத் தேய்த்துக் கருக்கிவிடும். பேரிங்கைப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூவையும் ஆலன் கீயால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பிட்டில் பிசின் படிந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும், ஆனால் பேரிங்கைக் கழற்றி எடுத்துவிட்டு ஊறவையுங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கிற கிரீஸும் கரைந்து போய், அடுத்த வேலையிலேயே பேரிங் இறுகிவிடும்.