இரண்டு கோடுகளுக்கு நடுவே

இந்தத் தாளில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு கறுப்புக் கோடு போடுகிறேன். பின்வரிசைக்கும் தெரிகிறதா? தாள் இரண்டாகிவிட்டது. இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு. இப்போது அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு. நடுவில் மாட்டிக்கொண்ட அந்த வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். அதுவும் ஒரு கோடா, வெறும் இடமா? கண்ணால் முடிவு செய்ய முடியவில்லை. போய்ப் போய் வருகிறது.

1930 வாக்கில் பாரிசில் இருந்துகொண்டு இதைச் செய்தவர் மார்லோ மாஸ் என்ற ஓவியர். 1889இல் லண்டனில் பிறந்தபோது வைத்த பெயர் மார்ஜரி ஜுவல் மாஸ். ஸ்லேட் கலைப்பள்ளியில் படித்தார், அது ஒத்துவரவில்லை. பிறகு பெயரை மாற்றிக்கொண்டார், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார், ஆண் உடைக்கு மாறினார். இவரை ஆணாகச் சுட்டுவதா பெண்ணாகவா என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் திண்டாடுகிறார்கள். நமக்கென்ன, ‘அவர்’ இருக்கிறது.

1927இல் பாரிஸ் போனார். அங்கே லெஜே, ஓசன்ஃபா என்ற இரண்டு ஓவியர்களிடம் பாடம். நேர்கோடுகளாலும் கட்டங்களாலுமே படம் செய்து பெயர்பெற்ற டச்சு ஓவியர் மாண்ட்ரியனின் படங்களைப் பார்த்த பிறகு கறுப்புக் கோடு, வெள்ளைத் தளம், ஓரிரு நிறங்கள், அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. அதனால் ‘மாண்ட்ரியனின் சீடர்’ என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் இரட்டைக் கோட்டை முதலில் போட்டவர் மாஸ். அதைப் பார்த்த மாண்ட்ரியன், ஏன் இப்படி என்று கேட்டு எழுதினார் என்பது மாஸின் துணைவியான டச்சு எழுத்தாளர் நெட்டி நைஹோஃப் தரப்பிலிருந்து வந்த செய்தி. 1932இல் மாண்ட்ரியன் படத்திலும் இரட்டைக் கோடு வந்தது. திருட்டு என்று நான் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். கணக்கில் ஒரு பெயர் மட்டும் விட்டுப்போனதைத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940இல் நெதர்லாந்திலிருந்து படகேறி இங்கிலாந்து திரும்பினார். பிரான்சின் நார்மண்டியில் கோசியேல் என்ற ஊரில் விட்டுவந்த வீடு 1944இல் குண்டுவீச்சில் போனது. அங்கிருந்த படங்களும் அதோடு போயின. ஐம்பத்தைந்து வயதில், அதுவரை செய்ததில் பெரும்பகுதி இல்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் லமோர்னா என்ற கடலோரச் சிற்றூரில் குடியேறினார். அரை நாளில் போய்வரக்கூடிய செயின்ட் ஐவ்ஸ் பக்கம் பென் நிக்கல்சன் இருந்தார், அவரும் இதே மாதிரி ஆள், மரம் என்று எதையும் வரையாமல் கோடும் வடிவமுமாகச் செய்கிற அருவ ஓவியர். மாஸ் கடிதம் எழுதினார். பதில் இல்லை. எனக்கு இன்றுவரை நெருடுவது குண்டுவீச்சைவிட இதுதான்.

லண்டனில் முதல் தனிக்காட்சி 1953இல், ஹானோவர் கேலரியில். அப்போது வயது அறுபத்து நான்கு. 1958இல் காலமானார். நினைவுக் கண்காட்சியை 1962இல் நடத்தியது ஆம்ஸ்டர்டாம். செயின்ட் ஐவ்ஸில் உள்ள டேட் அருங்காட்சியகம் அவர் படங்களை மாட்ட 2013 ஆயிற்று.

விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். திரையில் வரப்போவது 1949இல் செய்த படம்: மஞ்சள், கறுப்பு, வெள்ளை. கான்வாஸ்மேல் மரமும் ஒட்டியிருக்கிறார். கொஞ்சம் முன்னால் வந்து பாருங்கள்.