ஏற்றியதும் ஏன் கலங்குகிறது?

நேயர்களுக்கு வணக்கம். கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ விளையாடுவதை அப்படியே திரையோடு பதிவு செய்து இணையத்தில் போடுகிறார்களே, கேம்பிளே வீடியோ, அதன் தரத்தைக் கூட்டுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். படத்தைப் பற்றி வானொலியில் போய்ப் பேசுவதா என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்கு அதில் குறையாக ஒன்றும் படவில்லை. என் பேச்சில் ஒரு பகுதி சத்தத்தைப் பற்றித்தான். அதற்கு வானொலியைவிட நல்ல இடம் ஏது?

காரைக்குடியில் கல்யாணம், சாந்தி, புதுமனை என்று வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பது என் தொழில். கொஞ்ச காலமாகக் கடைக்கு வருகிற இளவட்டங்கள் கேம் வீடியோவோடுதான் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே புகார். "அண்ணே, என் போன்ல பார்த்தா பளிச்சுன்னு இருக்கு. நெட்ல ஏத்துனதும் கலங்கிப் போயிருது." நல்ல போன் வாங்க வேண்டுமா, கார்டு மாற்ற வேண்டுமா என்று அடுத்த கேள்வி வரும். பெரும்பாலும் எதுவும் வாங்க வேண்டாம். கலங்குவது போனில் இல்லை, போனை விட்டுப் புறப்பட்ட பிறகு.

ஒரு கணக்குச் சொல்கிறேன், பென்சில் எடுக்க வேண்டாம். 1080 தரத்தில், அதாவது மேலிருந்து கீழாக 1080 வரிசைப் புள்ளிகளோடு, நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனித்தனிப் படம், ஓடுகிற வீடியோவைச் சுருக்காமல் வைத்தால் ஒரு நொடிக்குச் சுமார் 373 மெகாபைட் ஆகும். பழைய சி.டி. ஒன்று இரண்டு நொடியில் நிரம்பிவிடும். யூடியூப் இந்தத் தர வீடியோவை ஏற்றுவதற்குப் பரிந்துரைக்கும் அளவு நொடிக்கு 12 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதாவது ஒன்றரை மெகாபைட். 373 எங்கே, ஒன்றரை எங்கே! 250-இல் ஒரு பங்கு. நாம் ஏற்றிய பிறகு அவர்கள் பங்குக்கு மறுபடியும் சுருக்கித்தான் ஊருக்குக் காட்டுவார்கள். நீங்கள் எவ்வளவு நல்லதாகக் கொடுத்தாலும் இது நடக்கும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இவ்வளவு சுருக்கியும் படம் எப்படித் தெரிகிறது? நம் வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தூரத்தில் இருக்கும் ஒருவருக்குப் போனில் சொல்ல வேண்டும் என்றால், ஒரு கல்லில் உள்ள பூவை மட்டும் சொல்லிவிட்டு, "இதே மாதிரி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை" என்று முடித்துவிடலாம். அதே தரையில் ஒரு மூட்டை நெல்லைக் கொட்டிவிட்டுச் சொல்லச் சொன்னால்? ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு பக்கம் கிடக்கும். அடுத்த நொடி யாராவது காலால் தள்ளிவிட்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வீடியோவைச் சுருக்கும் மென்பொருள் செய்வது இந்த வேலைதான். போன ஃபிரேமில் இருந்தது இதிலும் அப்படியே இருந்தால் "அதேதான்" என்று ஒரு வார்த்தையில் முடிக்கும். எல்லாம் மாறிக்கொண்டே இருந்தால் திணறும். திணறினால் உங்கள் கண்ணுக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும்.

அதனால்தான் சதுரங்கம், சீட்டு மாதிரி ஆட்டங்கள் எந்த அளவிலும் தெளிவாக நிற்கின்றன. புல்வெளியில் ஓடிச் சுடுகிற ஆட்டம், மழை, புகை, கார் பந்தயம் எல்லாம் கலங்குகின்றன. ஆட்டத்துக்கு மட்டும் என்று இல்லை. சிராவயல் மஞ்சுவிரட்டை எடுத்துப் போடுகிற பையன்களுக்கும் இதே தொல்லை. புழுதி, கூட்டம், ஓடுகிற காளை, எதுவும் ஒரு நொடி நிற்காது. மஞ்சுவிரட்டில் புழுதியை நிறுத்த முடியாது. ஆட்டத்தில் கொஞ்சம் நிறுத்தலாம். செட்டிங்ஸில் ஃபிலிம் கிரெய்ன் என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். சினிமாத்தனம் வேண்டும் என்று படம் முழுக்கப் பொடி தூவுகிற வேலை அது. ஒவ்வொரு ஃபிரேமிலும் பொடி புதிதாக விழும், சுருக்குகிறவன் பாடு திண்டாட்டம்.

இப்போது கோட்டையூர்த் தம்பி ஒருவர் கதைக்கு வருகிறேன். கெட்டிக்காரப் பிள்ளை, நன்றாக ஆடுவார், அதைவிட நன்றாகப் பேசுவார். அவர் வீடியோ மட்டும் மற்றவர்களுடையதைவிட மோசமாக, கஞ்சி மாதிரி இருந்தது. போனை வாங்கிப் பார்த்தேன். பதிவு சுத்தமாக இருந்தது. சரி, இதை எப்படி ஏற்றுகிறீர்கள் என்று ஆதியோடு அந்தமாகச் சொல்லச் சொன்னேன். எடிட்டிங் செய்வது தேவகோட்டையில் இருக்கும் சித்தப்பா மகன். அவருக்குப் பதிவை எப்படி அனுப்புகிறார்? நாம் எல்லோரும் விடிந்ததும் காலை வணக்கம் அனுப்புகிற அதே ஆப்பில். அங்கே ஒரு சுருக்கு. அவர் போனிலேயே வெட்டி ஒட்டிச் சேமிக்கிறார். அங்கே இரண்டாவது சுருக்கு. முடிந்ததை அதே ஆப்பில் திருப்பி அனுப்புகிறார். மூன்றாவது. அதைத் தம்பி இணையத்தில் ஏற்ற, அவர்கள் சுருக்குவது நான்காவது. நான்கு தடவை பிழிந்த தேங்காயில் பால் எங்கிருந்து வரும்?

ஒவ்வொரு தடவையும் மென்பொருள் "இது கண்ணுக்குத் தெரியாது" என்று கொஞ்சத்தைத் தூக்கி எறிகிறது. எறிந்தது எறிந்ததுதான், எந்த எடிட்டிங்காலும் திரும்ப வராது. அடுத்த தடவை, முதல் தடவை விழுந்த கட்டங்களையும் படத்தின் பகுதி என்று நினைத்து அவற்றைக் காப்பாற்றுவதில் தன் அளவைச் செலவழிக்கும். அந்தத் தம்பியிடம் சொன்னேன்: அதே ஆப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், அது சுருக்காது. இல்லையென்றால் ஒரு பென்டிரைவில் போட்டு தேவகோட்டை பஸ்ஸில் ஏறுங்கள். பென்டிரைவையே எடுத்துக்கொண்டு போனார். அங்கே சித்தப்பா மகன் கம்ப்யூட்டரிலேயே எடிட் செய்து அங்கிருந்தே ஏற்றினார். போன் அதே போன், ஆட்டம் அதே ஆட்டம். புல் புல்லாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளையின் அப்பத்தாவுக்கு என்ன கேமென்று தெரியாது, "இப்பத்தான் பார்க்க நல்லா இருக்கு" என்றார்களாம்.

ஆக, நடுவில் சுருக்குகிற கைகளைக் குறையுங்கள். கடைசியில் ஏற்றும் கோப்பில் தாராளம் காட்டுங்கள். 12 மெகாபிட் என்று அவர்கள் சொன்னால் நாம் 20, 30 என்று கொடுத்தால் தப்பில்லை. கெட்டியாகக் கொடுத்தால்தான் அவர்கள் சுருக்கிய பிறகும் மிச்சம் இருக்கும்.

இன்னொரு தந்திரம். 1080-இல் பதிவு செய்ததை எடிட்டிங்கில் 1440-ஆகவோ 4கே-ஆகவோ பெரிதாக்கி ஏற்றுங்கள். இல்லாத நுணுக்கம் அதனால் பிறந்துவிடாது. ஆனால் பெரிய அளவு வீடியோவுக்கு யூடியூப் அதிக பிட்ரேட், அதாவது நொடிக்கு அதிக மெகாபிட், ஒதுக்கும், வி.பி.9 மாதிரி இன்னும் திறமையான முறையில் சுருக்கும். பார்க்கிறவர் 1440-ஐத் தேர்ந்தெடுத்தால் வித்தியாசம் தெரியும். வண்ண எழுத்துகளுக்கும் இது நல்லது. நிறத்தை மட்டும் நாலில் ஒரு பங்கு புள்ளிகளில்தான் சேமிப்பார்கள், அதனால்தான் கறுப்பில் சிவப்பு எழுத்து எப்போதும் ஈஷிக்கொண்டு தெரிகிறது.

இதற்கு விலையும் உண்டு. 1440-க்கு 60 ஃபிரேமில் சொல்லப்படும் அளவு 24 மெகாபிட். பத்து நிமிட வீடியோ என்றால் 1,800 மெகாபைட். போன் டேட்டா ஒரு நாளைக்கு இரண்டு ஜி.பி. என்றால் ஒரே வீடியோவில் அன்றைய கணக்குத் தீர்ந்துவிடும். பிராட்பேண்ட் இருக்கிற வீட்டில் ஏற்றுங்கள். அங்கேயும் நம் ஊர்ச் சுவர்களின் கனத்துக்கு வைஃபை இரண்டாம் கட்டைத் தாண்டாது. ரூட்டருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கு ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருள் போதும். பதிவில் சி.க்யூ.பி. என்ற, சுருக்கும் அளவை ஒரே எண்ணில் நிறுத்தி வைக்கிற முறை இருந்தால் அதை எடுத்து எண்ணை 18-க்குப் பக்கத்தில் வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பருக்கும். சேமிக்கும் வடிவம் எம்.கே.வி. ஆக இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் சாதாரண எம்.பி.4 கோப்பு திறக்காமலே போய்விடக்கூடும். எம்.கே.வி. அதுவரை பதிவானதைக் காப்பாற்றிக் கொடுக்கும். அப்புறம் ஒரு சொடுக்கில் எம்.பி.4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது. கோடை காலத்தில் நம் பக்கம் ஆடுகிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

சரி, சத்தம். படம் கொஞ்சம் கலங்கினாலும் பார்ப்பார்கள். குரல் கரகரத்தால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். படமே இல்லாமல் இவ்வளவு நேரம் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே, வேறு சாட்சி வேண்டுமா?

பேசிக்கொண்டே ஆடுகிற பிள்ளைகள் பலர் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், உட்கார்ந்து பதிவு செய்கிறார்கள். காற்றோட்டம், வெளிச்சம் எல்லாம் சரி, சத்தத்துக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. சுவரைப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள் நம் ஆட்கள். கீழே கல், தூணும் வழவழப்பு, கூரை உயரம். பேசியது எங்கும் ஒட்டாமல் முட்டித் திரும்பும். அதோடு கொல்லையில் பாத்திரம் விழுகிற ஒலி, "டேய் சாப்பிட வாடா" எல்லாம் சேரும். எதிரொலி ஏறிய குரலை மென்பொருளில் சுத்தம் செய்வது பெரும்பாடு. அதற்குப் பதில் வளவைச் சுற்றி இருக்கும் சின்ன அறைகளில் ஒன்றைப் பிடியுங்கள். மெத்தை, தலையணை, ஜமுக்காளம் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த அறை. துணி சத்தத்தைக் குடித்துவிடும். மின்விசிறியை அந்த நேரத்துக்கு நிறுத்துங்கள், வேர்க்கத்தான் செய்யும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேருக்கு நேர் இல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். 'ப' சொல்லும்போது மூச்சு மோதாது.

போனில் பதிவு செய்கிறவர்கள் ஆட்டத்தின் ஒலியை மைக் வழியாக எடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10-லிருந்து உள்ளேயே ஒலியைப் பிடிக்கிற வசதி உண்டு. கம்ப்யூட்டர்காரர்கள் குரலை ஒரு டிராக்கிலும் ஆட்ட ஒலியை வேறொரு டிராக்கிலும் வையுங்கள். துப்பாக்கிச் சத்தத்தில் குரல் மூழ்கினால் ஒன்றை மட்டும் குறைக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மா கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஃபிரேம் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்கிறேன். போன் பதிவில் ஃபிரேம் வேகம் கூடிக் குறையும், அதனால் எடிட்டிங்கில் வாயும் குரலும் விலகும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான வேகம் என்று கொடுத்து, தரத்தைத் தாராளமாக வைத்து மாற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள். நடுவில் ஒரு சுருக்குக் கூடத்தான் செய்கிறது, இந்த ஒரு இடத்தில் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம், ஏற்றியவுடன் எல்லோருக்கும் இணைப்பை அனுப்பிவிடாதீர்கள். முதலில் குறைந்த தரம்தான் தயாராகும், உயர்ந்த தரம் வர நேரமாகும். அதுவரை பிரைவேட்டில் வைத்திருந்து பிறகு திறந்துவிடுங்கள். தம்ப்நெயில் பற்றிப் பேச நேரமில்லை. வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.