டப், டப் என்று ஒரு சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். ஜூனியர் ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, பனியில் ஒரு தடவைகூடக் கால் வைக்காத இயற்பியல் வாத்தியாரை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் யோசித்தால், எனக்குத் தெரிந்த ஒரு கதை வானொலிக்கென்றே அமைந்த மாதிரி இருந்தது. அது ஒரு சத்தத்தின் கதை.

ஸ்கேட்டிங் என்றதும் நமக்குச் சக்கரம்தான் ஞாபகம் வரும். சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2021இல் கொலம்பியாவில் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியதும், 2025இல் சீனாவில் பெரியவர்கள் பிரிவு 1000 மீட்டரில் தங்கமே வாங்கியதும் சக்கரத்தில்தான். நான் பேசப்போவது பனிக்கட்டி மேல், காலணிக்கு அடியில் நீளமான இரும்புத் தகட்டை மாட்டிக்கொண்டு ஓடும் போட்டி.

களம் ஒரு சுற்று 400 மீட்டர். ஒரு நேரத்தில் இருவர், ஒருவர் உள்பாதையில், மற்றவர் வெளிப்பாதையில். உள்பாதை வளைவு சின்னது என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் பாதையை மாற்றிக்கொள்ள வேண்டும். மாறும் இடத்தில் இருவரும் ஒன்றாக வந்து சேர்ந்தால் வெளியிலிருந்து உள்ளே வருபவருக்கே வழி. மற்றவர் குறுக்கே நின்றால் போட்டியிலிருந்து நீக்கம். பதினாறு வயதுப் பிள்ளை மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போய்க்கொண்டே இந்தக் கணக்கையும் போட வேண்டும். பல தூரங்களைச் சேர்த்துப் பட்டம் தருவதற்கு ஒரு கணக்கு உண்டு. 500 மீட்டருக்கு எத்தனை விநாடியோ அத்தனை புள்ளி. 1500 மீட்டர் என்றால் நேரத்தை மூன்றால் வகுக்க வேண்டும்: 120 விநாடி, 40 புள்ளி. குறைந்த புள்ளிக்காரருக்குப் பட்டம். வாத்தியார் புத்தி, இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஜூனியர்களுக்கான உலகப் போட்டி 1974இல் இத்தாலியின் கோர்த்தினாவில் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. 1977இல் அமெரிக்காவின் எரிக் ஹைடன் அதை வென்றார். அதே குளிர்காலத்தில் பெரியவர்களில், குறுந்தூரம் நெடுந்தூரம் எல்லாம் சேர்த்துத் தரும் ஆல்ரவுண்ட் பட்டம், குறுந்தூரத்துக்கு மட்டுமான ஸ்பிரிண்ட் பட்டம் இரண்டையும் அள்ளிக்கொண்டு போனார். மூன்று வருஷம் கழித்து ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம். சரி, அது ஒரு தனி ஆளின் திறமை. நான் சொல்ல வந்த பிள்ளைகள் வேறு.

இப்போது ஒரு சின்ன சோதனை. எழுந்து நின்று ஒரு தடவை குதித்துப் பாருங்கள். கடைசியாகத் தரையை உந்துவது குதிகால் இல்லை, முன்பாதம். கணுக்கால் நீண்டு, விரல்கள் தரையைத் தள்ளிய பிறகுதான் உடம்பு மேலே போகிறது. பழைய ஸ்கேட்டில் அதற்கு வழியே இல்லை. தகடு முன்னும் பின்னும் காலணியோடு இறுகியிருக்கும். குதிகாலைத் தூக்கினால் தகட்டின் நுனி பனியைக் குத்தும், ஆள் தடுமாறிவிடுவார். ஆகவே கணுக்காலை நீட்டாதே, குதிகாலைத் தூக்காதே என்றுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதாவது காலில் இருக்கும் பலத்தில் கொஞ்சத்தை எப்போதும் மிச்சம் வைத்தே ஓடினார்கள்.

ஆம்ஸ்டர்டாம் ஃப்ரீ பல்கலைக்கழகத்தில் உடல் அசைவை ஆராய்ந்த ஹெரிட் யான் வான் இங்கன் ஸ்கேனாவும் அவருடைய குழுவும் 1980களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். முன்பாதத்துக்கு அடியில் ஒரு கீல், பின்பக்கம் கட்டு கிடையாது. குதிகால் எழும்பினாலும் தகடு பனியிலேயே படிந்திருக்கும். கால் தூக்கியதும் ஒரு ஸ்பிரிங் அதை இழுத்துக் காலணியில் ஒட்ட வைக்கும். அப்போது வருவதுதான் அந்த ‘டப்’.

முன்னணி வீரர்கள் அதைச் சீந்தவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. புதுச் செருப்பு கடிக்கும். பதக்கம் வாங்கிப் பழகிய காலுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கடிக்கும். வருஷக்கணக்காக உடம்பில் ஏறிய பழக்கத்தை ஒரு பேராசிரியர் சொன்னார் என்பதற்காக யார் விடுவார்கள்?

1994-95 பருவத்தில் நெதர்லாந்தின் தென் ஹாலந்து மாகாணத்தைச் சேர்ந்த 11 ஜூனியர்கள் அதை மாட்டிக்கொண்டார்கள். பருவ முடிவில் கணக்குப் பார்த்தபோது அவர்களுடைய நேரம் சராசரியாக 6.2 சதவீதம் முன்னேறியிருந்தது. பழைய ஸ்கேட்டில் ஓடிய மற்ற ஜூனியர்களுக்கு 2.5 சதவீதம்தான். நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கம் கைமாறும் விளையாட்டில் இது சாதாரண வித்தியாசமா?

அப்புறம் பெரியவர்கள் வந்தார்கள், முதலில் பெண்கள். 1997 ஜனவரியில் ஹேரன்வேன் நகரத்தின் தியால்ஃப் அரங்கில் ஐரோப்பியப் போட்டி. நெதர்லாந்தின் டோனி டி யோங் காலில் கீல் வைத்த ஸ்கேட். எதிரே ஜெர்மனியின் குண்டா நீமன், பல வருஷமாக அசைக்க முடியாத ராணி. பட்டம் டி யோங்குக்குப் போனது.

அடுத்த ஆண்டு ஜப்பானின் நாகானோவில் குளிர்கால ஒலிம்பிக். 10,000 மீட்டரில் நெதர்லாந்தின் ஜியானி ரோம் கீல் வைத்த ஸ்கேட்டில் 13 நிமிடம் 15.33 விநாடியில் தங்கம் வாங்கினார். நான்கு ஆண்டுக்கு முன் நார்வேயின் யோஹான் கோஸ் பழைய ஸ்கேட்டில் அதே தூரத்தில் தங்கம் வாங்கிய நேரம் 13 நிமிடம் 30.55 விநாடி. தன் கீல் உலகத்தையே மாற்றியதைப் பார்த்துவிட்டு, அதே 1998இல் ஸ்கேனா காலமானார்.

நாகானோவில் பெண்கள் 3000 மீட்டரில் தங்கம் வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? குண்டா நீமனேதான். இந்த முறை அவர் காலிலும் டப், டப்.