கடை கம்ப்யூட்டர்களுக்குத் தானியங்கி பேக்கப் அமைப்பது எப்படி?

[திரையில்: மதுரை கீழமாசி வீதி. லாரியிலிருந்து மூட்டை இறங்குகிறது. ஒரு மளிகைக் கடையின் பில் மேசை.]

வணக்கம். இந்த மாதிரி ஒரு மொத்த மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். முன்னால் பில் போட இரண்டு கம்ப்யூட்டர், உள்ளே கணக்குப்பிள்ளை டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் பார்க்க ஒன்று. மூன்றும் ஒரே ரவுட்டரில். "அண்ணாச்சி, பேக்கப் எடுக்கிறீங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் இருக்கு தம்பி, பென் டிரைவ்ல தினமும் தானா ஏறுது" என்பார். போய்ப் பார்த்தால் அந்தப் பென் டிரைவ் அதே கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடக்கும்.

பேக்கப் தானாக நடக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்தக் கம்ப்யூட்டருக்காக அதை எடுக்கிறோமோ, அந்தக் கம்ப்யூட்டரின் கைக்கே அது எட்டக்கூடாது என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கடைச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே கொத்தில் மாட்டி வைப்பது போலத்தான் இது.

[திரையில்: 2017 மே 12]

அன்றைக்குத்தான் வான்னாகிரை என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ், உலகம் முழுக்கப் பரவியது. விண்டோஸின் பழைய ஃபைல் ஷேரிங் முறையில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. ஓட்டையை அடைக்கும் அப்டேட் அந்த மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். இப்படிப்பட்ட ரான்சம்வேர், நீங்கள் எழுத முடிகிற எல்லா இடத்திலும் எழுதும். பென் டிரைவ், நெட்வொர்க் டிரைவ், ஷேர் செய்த ஃபோல்டர் என்று எதையும் விடாது. ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு அமைப்பும் இதில் காப்பாற்றாது. கெட்ட ஃபைலும் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே ஏறும்.

சரி, என்ன செய்வது? திசையை மாற்றுங்கள். பில் போடும் கம்ப்யூட்டர் பேக்கப்பை அனுப்ப வேண்டாம். பேக்கப் கம்ப்யூட்டர் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

[திரையில்: மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் நான்காவதை நோக்கி அம்புக்குறி]

அதற்குப் புதிது வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் அப்டேட் இன்னும் கிடைக்கிற பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நல்ல ஹார்ட் டிஸ்க் போட்டால் போதும். மூன்று கம்ப்யூட்டரிலும் பேக்கப்புக்கென்றே சாதாரண யூசர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். அட்மின் உரிமை வேண்டாம். டேட்டா ஃபோல்டரை அந்தக் கணக்குக்குப் படிக்க மட்டும் ஷேர் செய்யுங்கள். பேக்கப் கம்ப்யூட்டரிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டில் ஒரு கணக்கு. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் ஷேர் செய்யாதீர்கள், ஃபைல் ஷேரிங்கையே அணைத்து வையுங்கள். அதில் யாரும் மெயில் பார்க்கவும் வேண்டாம்.

நகலெடுக்கத் தனி சாஃப்ட்வேர் தேவையில்லை. விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி போதும். மாறிய ஃபைலை மட்டும் எடுக்கும். அதில் ஒன்றைக் கவனியுங்கள். ஏதாவது ஒரு ஃபைல் பூட்டியிருந்தால், ரோபோகாப்பி விட்டுவிட்டு நகராது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 30 விநாடிக்கு ஒரு முறை, 10 லட்சம் முறை முயற்சி செய்யும். அதாவது அன்றைய பேக்கப் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் 2 முறை முயற்சி, 5 விநாடி இடைவெளி என்று கட்டளையிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். என்ன நகலானது, எது தவறியது என்று பதியும் லாக் ஃபைல் எழுதவும் சொல்லுங்கள்.

டேலி திறந்திருக்கும்போது அதன் டேட்டாவை அப்படியே நகலெடுப்பதும் நல்லதல்ல. பாதி எழுதிய நிலையில் போகலாம். டேலியிலேயே இருக்கும் பேக்கப் வசதியால் கணக்குப்பிள்ளை ஒரு ஃபைல் எடுத்து வைக்கட்டும். அதை நாம் எடுத்துக்கொள்வோம்.

அடுத்து, பேக்கப் கம்ப்யூட்டரில் டாஸ்க் ஷெட்யூலர், அதாவது குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதி. கிழமைக்கு ஒரு ஃபோல்டர், கிழமைக்கு ஒரு டாஸ்க். மூலத்தைப் போலவே நகலையும் வைக்கும் மிரர் முறையில் நகலெடுத்தால், மூலத்தில் அழிந்தது நகலிலும் அழியும். ஒரே ஃபோல்டர் வைத்திருந்தால் அன்றோடு போயிற்று. கிழமைவாரியாக இருந்தால் புதன்கிழமை நடந்த கேடு செவ்வாய்க்கிழமை ஃபோல்டரைத் தொடாது. அப்புறம், நெட்வொர்க் ஃபோல்டருக்கு இசட் டிரைவ் என்று எழுத்துப் போட்டிருப்பீர்கள். யாரும் லாகின் செய்யாத நேரத்தில் ஓடும் டாஸ்க்குக்கு அந்த எழுத்து தெரியாது. முழுப் பாதையைக் கொடுங்கள்.

[திரையில்: \\கவுண்டர்1\டேட்டா]

ஓடி முடிந்ததும் டாஸ்க் ஷெட்யூலரில் கடைசி முடிவு 1 என்று வரும். பிழை என்று பயந்துவிட வேண்டாம். ரோபோகாப்பியில் 1 என்றால் ஃபைல்கள் நகலாகிவிட்டன என்று பொருள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் எங்கோ தவறியிருக்கிறது, லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள்.

எத்தனை மணிக்கு ஓட வேண்டும்? இணையத்தில் பார்க்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் நள்ளிரவு என்பார்கள். நம் கடைவீதியில் அது நடக்காது. ஷட்டர் இறக்கும் முன் மெயின் சுவிட்சை அணைப்பது பல கடைகளில் வழக்கம். மின்கசிவு பயத்தில் செய்வது, சரியான பழக்கமும்கூட. அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. பேக்கப்பைத்தான் மாற்ற வேண்டும். மதியம் சாப்பாட்டு நேரம், கூட்டம் குறைவாக இருக்கும் இரண்டரை மணி நன்றாக இருக்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அந்த நேரத்தில் வந்தால்? தவறிய டாஸ்க்கை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு என்று ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் ஒரே கட்டடத்துக்குள். தீயோ திருட்டோ வந்தால் நான்கு கம்ப்யூட்டரும் சேர்ந்தே போகும். அதற்கு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று திருநகரிலோ கே.கே. நகரிலோ முதலாளி வீட்டில். சனிக்கிழமை நகலெடுத்ததும் கழற்றி, மாற்றி எடுத்துப் போங்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியே எடுத்துப் போங்கள், உள்ளே இருப்பது வாடிக்கையாளர் கணக்கு.

ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். அதனால் மார்ச் 31 கணக்கை மட்டும் தனி ஃபோல்டரில், மேலெழுதாமல் வையுங்கள். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு விதி இன்னும் கடுமை: 2022 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, மின்னணுக் கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். அவர்கள் ஆடிட்டரிடம் பேசிவிடுவது நல்லது.

[திரையில்: டேலி ரீஸ்டோர் திரை]

கடைசியாக, மாதம் ஒரு நாள் எடுத்து வைத்ததைத் திறந்து பாருங்கள். வேறொரு கம்ப்யூட்டரில், புது ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்யுங்கள். நடப்புக் கணக்கின் மேல் செய்துவிடாதீர்கள். முந்தின நாள் கடைசி பில்லும் கல்லா இருப்பும் ஒத்துப்போகிறதா என்று கணக்குப்பிள்ளையே பார்க்கட்டும். எவ்வளவு நேரம் ஆனது என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். நிஜமாகவே கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அவ்வளவு நேரம் கையால்தான் பில் போட வேண்டியிருக்கும். அதற்கு ஒரு பில் புத்தகமும் கார்பன் தாளும் மேசை டிராயரில் இருக்கட்டும்.