எண் விழுவதற்கு முந்திய மாதங்கள்

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அன்புக்குரியவர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை இந்த மன்றத்துக்காக ஒதுக்கி வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

"யூரோவிஷன் ரசிகருக்கு நிறைவு தருவது காத்திருக்கும் மாதங்களா, இறுதி இரவா?" என்பது இன்று நம் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. யூரோவிஷன் என்பது ஒவ்வொரு நாடும் ஒரு பாட்டை அனுப்ப, நடுவர் குழுக்களும் மக்களும் புள்ளியிட, ஆண்டுதோறும் மே மாதத்தில் நடக்கும் ஐரோப்பியப் பாட்டுப் போட்டி. காத்திருக்கும் மாதங்களே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா, கடந்த 2025 மே மாதம் சுவிட்சர்லாந்தின் இதே பாசல் நகரில் நடந்த இரண்டு அரையிறுதிகளும் இறுதியுமாகிய மூன்று நேரடி நிகழ்ச்சிகளையும் சேர்த்து 16.6 கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை எடுத்து வைத்து, அத்தனை கண்கள் திரையில் குவிகின்ற அந்த வாரத்தின் இறுதி இரவுக்கு எது ஈடு என்று கேட்டார். கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால், அக்கா, தலைப்பில் இருக்கும் சொல் 'பார்வையாளர்' அன்று, 'ரசிகர்'. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறிய நாளிலிருந்து விரதம் இருந்து, அன்றன்றைய வாகனத்தையும் சாத்துப்படியையும் வீட்டில் பேசிப் பேசித் தேர்நாளை அடைகிறவருக்கும், தேரன்று காலை மட்டும் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறவருக்கும் தேர் ஒன்றுதான். அதை அவர்கள் காண்கின்ற விதம் ஒன்றா என்பதை இந்த அவையில் இருப்பவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

யூரோவிஷன் ரசிகரின் ஆண்டு மே மாதத்தில் தொடங்குவதில்லை. செப்டம்பர் முதல் நாளில் தொடங்குகிறது. அந்த நாளுக்கு முன் வணிக முறையில் வெளியான பாட்டு எதுவும் அடுத்த மேடைக்குத் தகுதி பெறாது என்பது போட்டியின் விதி. டிசம்பரில் அல்பேனியர்கள் தங்கள் பாடல் விழாவில் ஒரு பாட்டைத் தெரிவு செய்வார்கள். சனவரியில் எந்த நாடு எந்த அரையிறுதியில் என்று சீட்டுக் குலுக்குவார்கள். பிப்ரவரியில் இத்தாலியின் சான்ரெமோ பாட்டு விழா ஐந்து இரவுகள் நடக்கும். சுவீடனின் தெரிவுப் போட்டியான மெலொடிஃபெஸ்டிவாலென் ஆறு சனிக்கிழமைகளை எடுத்துக்கொள்ளும். மார்ச் நடுவில் எல்லாப் பாட்டுகளும் கைக்கு வந்துவிடும். அதன் பிறகு மே வரை இருக்கும் எட்டு வாரங்களில்தான் அந்தப் பாட்டுகள் நம்முடையவை ஆகின்றன. இறுதி இரவில் ஒரு பாட்டுக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். அதற்கு மேல் ஒரு நொடியும் விதி அனுமதிக்காது. அந்த மூன்று நிமிடத்தில் இருபத்தாறு பாட்டுகளில் ஒன்றாக அதைக் கேட்கிறவருக்கு, பாடியவர் என்ன உடை உடுத்தியிருந்தார் என்பதும் மேடையில் தீ எரிந்ததா என்பதும்தான் மனத்தில் நிற்கும். பாட்டைத் தனித்துக் கேட்க அந்த இரவில் இடமில்லை.

இதை எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். கடந்த மார்ச் 8ஆம் நாள், சனிக்கிழமை இரவு, சுவீடனின் தெரிவுப் போட்டி நடந்தது. 2015இல் வியன்னாவில் வென்று கோப்பையைச் சுவீடனுக்குக் கொண்டுவந்த மோன்ஸ் செல்மெர்லோவ் மீண்டும் களத்தில் இருந்தார். அவர்தான் வெல்வார் என்று பலரும் நினைத்திருந்தார்கள். வென்றதோ 'காய்' என்னும் மூவர் குழு. அவர்கள் சுவீடன் நாட்டவரே அல்லர். பின்லாந்தில் சுவீடிய மொழி பேசுகின்ற சிறுபான்மையினர், வொரோ என்ற சிற்றூர்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள். நீராவிக் குளியலைப் பற்றித் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பாடினார்கள். 1998க்குப் பிறகு சுவீடன் தன் மொழியில் ஒரு பாட்டை அனுப்பியது அதுவே முதல் தடவை. எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மகள் தன் கொப்பியைத் திறந்து வைத்திருந்தாள். நாடு, பாடுகிறவர், மொழி, முதல் தடவை கேட்டபோது போட்ட புள்ளி, பத்தாம் தடவை கேட்டபோது போட்ட புள்ளி என்று அதில் ஐந்து நிரல்கள் உண்டு. இந்தப் பாட்டுக்கு முதலில் நான்கு போட்டாள். பத்தாம் தடவைக்குப் பிறகு அதை அடித்துவிட்டுப் பதினொன்று எழுதினாள். அந்த நான்குக்கும் பதினொன்றுக்கும் இடையில் மூன்று வாரங்கள் ஓடின. அதற்குள் வொரோ எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினாள். பின்லாந்தில் சுவீடிய மொழி ஏன் பேசுகிறார்கள் என்று கேட்டாள். ஒரு நாட்டில் சிறுபான்மையாக இருந்துகொண்டு தன் ஊர்ப் பேச்சை மாற்றாமல் மேடையேறுவது என்றால் என்ன என்பதைத் தன் அப்பம்மாவோடு பேசினாள். யாழ்ப்பாணப் பேச்சை இந்த நாட்டில் முப்பது ஆண்டுகளாக விடாமல் வைத்திருக்கும் என் அம்மாவுக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. மே 17 இறுதி இரவு அந்தப் பாட்டுக்கு நான்காம் இடமும் 321 புள்ளியும் கொடுத்தது. எங்களுக்கு அந்தப் பாட்டைக் கொடுத்தது மார்ச் மாதம்.

எதிரணித் தம்பி மிகத் திறமாகப் பேசினார். பந்தய நிறுவனங்களின் கணிப்புகளும் ரசிகர் மன்றங்களின் வாக்கெடுப்புகளும் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் காத்திருப்பு உப்புச் சப்பற்றுப் போய்விட்டது என்றும், திரும்பத் திரும்பக் கேட்டுப் பாட்டுகள் சலித்துவிடுகின்றன என்றும் சொன்னார். தம்பி, இப்போது நான் சொன்ன காய் குழுதான் இறுதி இரவு வரையிலும் பந்தயக்காரர்களின் முதல் தெரிவு. வென்றவர் ஆஸ்திரியாவின் ஜேஜே. 2017இலும் இதே கதை. மேடையில் மனிதக் குரங்கு வேடத்தவரோடு ஆடிய இத்தாலியின் பிரான்செஸ்கோ கபானியே வெல்வார் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கிடைத்தது ஆறாம் இடம். ஆட்டமோ வாணவேடிக்கையோ இல்லாமல், அக்கா எழுதிய பாட்டைப் போர்த்துக்கேய மொழியில் மெல்லப் பாடிய சல்வடோர் சோப்ரால், 1964 முதல் ஒரு தடவையும் வென்றிராத போர்த்துகலுக்கு 758 புள்ளிகளோடு முதல் வெற்றியைக் கொடுத்தார். ஆகவே காத்திருக்கின்றவர் முடிவைத் தெரிந்துகொண்டு காத்திருக்கவில்லை. சலிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்துத் தடவை கேட்டதும் சலித்துவிடும் பாட்டும் உண்டு, பத்தாம் தடவையில்தான் திறந்துகொள்ளும் பாட்டும் உண்டு. எது எது என்று பிரித்துக் காட்டும் சல்லடை காலம் ஒன்றுதான். அதை ஓர் இரவின் கையில் கொடுக்க முடியாது.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் மையத்துக்கு இப்போது வருகிறேன். இறுதி இரவு பாட்டுக்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறது. எண் விழுந்த பிறகு அந்தப் பாட்டைப் பற்றி யார் பேசினாலும் அந்த எண்ணையும் சேர்த்தே பேசுகிறார்கள். எண் விழுவதற்கு முந்திய மாதங்களில்தான் ஒரு பாட்டு பாட்டாக மட்டும் இருக்கிறது. வெல்லப் போகிற பாட்டும் கடைசியில் நிற்கப் போகிற பாட்டும் ஒரே வரிசையில், ஒரே மதிப்போடு, நம் காதுக்கு வருகின்றன.

மே 17 இரவு நானும் மகளும் சங்க்ட் யாகோப் பார்க் விளையாட்டரங்கில் இருந்தோம். பக்கத்து மண்டபத்தில் போட்டி. இங்கே பெருந்திரைகளின் முன் ஏறத்தாழ 36,000 பேர். சுவிட்சர்லாந்துக்காக ஸோயே மெ பிரெஞ்சு மொழியில் பாடினார். நடுவர் குழுக்களின் புள்ளிகள் முடிந்தபோது அவருக்கு 214. ஆஸ்திரியாவுக்கு அடுத்து இரண்டாம் இடம். மக்கள் வாக்கை நடுவர் குழு வரிசையில் கீழிருந்து மேலாக அறிவிப்பது வழக்கம் ஆகையால், சுவிட்சர்லாந்தின் முறை கடைசிக்கு முந்தியதாக வந்தது. அவ்வளவு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மக்கள் வாக்கு: பூச்சியம். மைதானத்தில் எழுந்த சத்தம் கூச்சலும் அன்று, அழுகையும் அன்று. அத்தனை பேரும் ஒருசேர மூச்சை விட்டது போன்ற ஒரு சத்தம். என் மகள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் இறுகின. அந்தப் பாட்டுக்குப் பத்தாம் இடம் கிடைத்தது.

இறுதி இரவே நிறைவு என்றால் அந்தப் பாட்டை விரும்பியவர்களுக்கு அன்று மிஞ்சியது அந்தப் பூச்சியம் மட்டுமே. ஆனால் மறுநாள் காலை எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து அதே பாட்டு கேட்டது. மார்ச்சிலிருந்து பாடசாலைக்குப் போகும் டிராமில், படிக்கும் மேசையில், உறங்கப் போகும் முன் என்று அவளோடு இருந்த பாட்டு அது. புள்ளிப் பலகை அதைத் தொடவில்லை.

எதிரணித் தலைவர் அண்ணன் 2020ஐ நினைவூட்டினார். காத்திருப்பு ஏமாற்றத்தில் முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்டார். அந்த ஆண்டை நானும் மறக்கவில்லை. ரோட்டர்டாமில் நடக்கவிருந்த போட்டிக்கு 41 நாடுகளின் பாட்டுகளும் தெரிவாகிவிட்ட பிறகு, மார்ச் 18ஆம் நாள், பெருந்தொற்றின் காரணமாக அது கைவிடப்பட்டது. அந்தப் பாட்டுகளை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுவரவும் அனுமதிக்கவில்லை. அன்று நான் கண்கலங்கியதை இந்த மன்றத்தில் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால், அண்ணன், அதன் பிறகு நடந்ததையும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். ஐஸ்லாந்தின் தாதி ஃபிரேய்ர், தமக்குப் பிறந்த குழந்தைக்காக எழுதிய பாட்டு, யூரோவிஷன் மேடை ஏறாமல், அங்கே ஒரு புள்ளியும் வாங்காமல், வீட்டுக்குள் அடைபட்டிருந்த உலகமெங்கும் பரவியது. பச்சைக் கம்பளிச் சட்டை அணிந்து அவர் குழுவினர் ஆடிய ஆட்டத்தைக் குடும்பம் குடும்பமாக வீட்டுக் கூடங்களில் ஆடினார்கள். ரசிகர்களுக்கு அந்த 41 பாட்டுகளும் இன்றைக்கும் நினைவில் இருக்கின்றன. யூரோவிஷன் வரலாற்றிலேயே தோல்வி என்ற சொல் ஒட்டாத ஒரே தொகுதி அது. இரவு வராமல் போன ஆண்டிலும் மாதங்கள் தம் வேலையைச் செய்து முடித்திருந்தன. மாதங்கள் இல்லாத ஓர் இரவை உங்களால் காட்ட முடியுமா என்று பணிவோடு கேட்கிறேன்.

காத்திருக்கும் மாதங்கள் சச்சரவில் கழிகின்றன, எந்த நாடு வரலாம் எந்த நாடு வரக்கூடாது என்று ரசிகர்களே பிரிந்து நிற்கிறார்கள் என்பதும் அண்ணன் சொன்ன குறை. உண்மைதான், இந்த ஆண்டும் பிரிந்து நிற்கிறோம். போரைச் சுமந்துகொண்டு இந்த நாட்டுக்கு வந்த மக்களாகிய நாம் அந்தக் கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கும் கேட்டவரைப் பொறுமையாகச் செவிமடுப்பதற்கும் மாதங்கள் வேண்டும். இறுதி இரவில் அதற்கு நேரம் இருப்பதில்லை.

பாசல் நகரம் காத்திருந்ததைச் சொல்லாமல் என்னால் அமர முடியாது. 1956இல் லுகானோவில் ஏழு நாடுகளோடு இந்தப் போட்டி பிறந்தது. முதல் வெற்றியும் சுவிட்சர்லாந்துக்கே. 1988இல் செலின் டியோன் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாம் வெற்றியைக் கொண்டுவந்தார். அதன் பிறகு 2024இல் மால்மோவில் நெமோ வெல்லும் வரை 36 ஆண்டுகள். வென்ற நாட்டில் நடக்கவிருந்த அடுத்த போட்டிக்கு, 2024 ஆகஸ்டு 30ஆம் நாள், செனீவாவா பாசலா என்ற போட்டியில் பாசல் தெரிவானது. அதோடு முடியவில்லை. ஏறத்தாழ 3.5 கோடி பிராங்க் செலவிடலாமா என்று நவம்பரில் இந்த மாநில மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். ஒரு பாட்டுப் போட்டிக்காக வாக்குச்சாவடிக்குப் போன மக்கள் நாம். மே 11ஆம் நாள் நகர மண்டபத்திலிருந்து கண்காட்சி வளாகம் வரை 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு நீலப்பச்சைக் கம்பளம் விரித்தார்கள். ரைன் நதியின் பாலத்தில் என் அம்மாவை ஒரு மடக்கு நாற்காலியில் அமர்த்தி, நாங்கள் பின்னால் நின்றோம். 37 நாட்டவரும் கடந்து போனார்கள். காய் குழுவினர் வந்தபோது, சுவீடிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத என் அம்மா, பேத்தி சொல்லிக்கொடுத்திருந்த அந்தப் பாட்டின் முதல் வரியை அவர்கள் முன்னால் சத்தமாகச் சொன்னார். இன்னும் ஆறு நாளில் யார் வெல்வார் என்று அந்தப் பாலத்தில் எவருக்கும் தெரியாது. எவரும் இன்னும் தோற்கவில்லை.

காத்திருத்தலுக்கென்றே ஒரு நிலத்தையும் ஒரு பூவையும் ஒதுக்கி, அதை முல்லை என்று அழைத்த மொழியில் இந்த வழக்கு நடக்கிறது என்பதை மட்டும் நடுவர் அவர்கள் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதினொரு நாளுக்கு முன்பு, அடுத்த போட்டி வியன்னாவில், 2026 மே 16இல் என்று அறிவித்தார்கள். இன்ஸ்புரூக் நகரும் கேட்டிருந்தது, கிடைக்கவில்லை. நாளை திங்கட்கிழமை, 2025 செப்டம்பர் 1. என் மகள் நேற்றே புதிய கொப்பி வாங்கிவிட்டாள். எத்தனை நாடுகள் வரும் என்று இன்னும் தெரியாததால் நாற்பது வரிகளுக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

நன்றி, வணக்கம்.