நூறு ரூபாய் வாங்கிய நகரசபை உறுப்பினர்

[திரையில்: சேலம் கோட்டைப் பகுதி, காலை நேரம்]

தலைப்பைப் பார்த்து லஞ்சக் கதை என்று வந்திருந்தால், மன்னிக்கவும். ஒரு நகரசபை உறுப்பினர் லண்டனில் இருந்த மந்திரி பேரில் கேஸ் போட்டு நூறு ரூபாய் வாங்கிய கதை இது. நடந்தது நம்ம சேலத்தில்.

அவர் சி. விஜயராகவாச்சாரியார். 1852இல், செங்கல்பட்டுப் பக்கம் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். ஆக, மண்ணின் மைந்தர் இல்லை. இங்கே நகரசபைக் கல்லூரிக்கு இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியார். சட்ட வகுப்புக்கே போகாமல், தானாகப் படித்துத் தேறி 1881இல் வக்கீல் ஆனார். மறு வருடமே நகரசபை உறுப்பினர்.

[திரையில்: 1882]

அதே வருடம் வைஸ்ராய் ரிப்பன் உள்ளாட்சித் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஊர் விஷயத்தை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். நல்ல நேரம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த வருடம்தான் சேலத்தில் இந்து–முஸ்லிம் கலவரம் வெடித்தது. இவரை ஹீரோவாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது. அதில் ஒரு மசூதி இடிக்கப்பட்டது.

தூண்டிவிட்டவர் என்று விஜயராகவாச்சாரியார் மேல் குற்றம் சாட்டினார்கள். பத்து வருடத் தண்டனை. மேல்முறையீட்டில் குற்றமற்றவர் என்று விடுதலை ஆனார். வெளியே வந்தவர் வீட்டோடு இருந்துவிடவில்லை. அதே கலவர வழக்கில் தண்டனை பெற்ற மற்றவர்களுக்காக ரிப்பனிடமே முறையிட்டார்.

சரி, நூறு ரூபாய்க்கு வருவோம்.

இதற்கிடையில் சென்னை அரசாங்கம் அவரை நகரசபையில் இருந்து நீக்கியிருந்தது. இவர் விடவில்லை. அப்போதெல்லாம் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட வேண்டுமானால், லண்டனில் இருந்த இந்தியா மந்திரியின், அதாவது இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் மந்திரியின், பேரில்தான் போட வேண்டும். போட்டார். உறுப்பினரிடம் ஒரு வார்த்தை விளக்கம் கேட்காமல் பதவியைப் பறிக்கலாமா? இதுதான் கேள்வி. 1884இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நஷ்டஈடு நூறு ரூபாய், கூடவே பதவியும் திரும்பியது. ‘விஜயராகவா எதிர் இந்தியா மந்திரி’ என்று சட்டக்காரர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் வழக்கு அது.

யோசித்துப் பாருங்கள். கவர்னர் பதவியோ திவான் பதவியோ இல்லை. சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் பற்றிப் பேசுகிற ஒரு நாற்காலி. தெருக் குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “கவுன்சிலர் வீட்டுக்குப் போலாம் வாங்க” என்று கிளம்புகிறோமே, அந்தக் கவுன்சிலரின் நாற்காலி. சேலம் மாநகராட்சியில் இன்று அப்படி 60 வார்டு, 60 நாற்காலி. அதில் ஒன்றுக்காக ஒருவர் பிரிட்டிஷ் அரசாங்கத்தோடு கோர்ட்டில் மல்லுக்கு நின்றார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம். எந்த ஊரில் பிறந்தார் என்பதெல்லாம் அப்புறம்தான்.

[திரையில்: நாக்பூர், 1920]

பிறகு சென்னை சட்டசபை, டெல்லி சட்டசபை என்று போனார். 1920இல் நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். வேடிக்கை என்னவென்றால், காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தில் அவருக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் தலைமை தாங்கிய மாநாட்டிலேயே அது நிறைவேறியது.

அப்போது காந்தி பக்கம் உறுதியாக நின்றவர்களில் ஒருவரும் சேலத்து வக்கீல்தான். 1911இல் இதே நகரசபையில் உறுப்பினராகி, 1917 முதல் 1919 வரை தலைவராக இருந்தவர். அவர் காலத்தில்தான் சேலம் நகரசபைக்கு முதல் தலித் உறுப்பினர் வந்தார். ஆமாம், ராஜாஜிதான். அது அடுத்த வீடியோ.