முதல் ஊசிக்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். தில்லி மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். நோயாளிகளின் முகத்தைவிட அவர்கள் ரத்தம் வரும் குப்பிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் மயூர் விஹாரிலிருந்து வந்த நம் தமிழ்க்காரர் ஒருவர் ஆய்வக ஜன்னலுக்கே வந்துவிட்டார். "அப்பாவுக்கு நேத்துதானே ரத்தம் எடுத்தீங்க. மறுபடியும் ரெண்டு கையிலயும் குத்தணுமா, டாக்டரம்மா?"

கோபம் நியாயம்தான். ஆனால் நாங்கள் செய்வது கல்ச்சர், அதாவது ரத்தத்தைக் குப்பியில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. ரத்தத்தில் கிருமி புகுந்திருந்தாலும் ஒரு மில்லியில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அதனால்தான் குப்பிக்கு 8 முதல் 10 மில்லி கேட்கிறோம். கை மாற்றி எடுப்பது, வளர்ந்தது தோலில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்ததா, ரத்தத்திலேயே இருந்ததா என்று பிரித்துப் பார்க்க.

அவர் அப்பாவின் குப்பிகளில் 5 நாளாகியும் ஒன்றும் வளரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, வருவதற்கு முன் மூன்று நாள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறார். கிருமி அடங்கியிருந்தது, சாகவில்லை. பெரியவர் பிழைத்தார். ஆனால் எது கேட்கும் என்று தெரியாமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள்.

முன்பு இப்படிக் கிருமி தெரியாமல் ஊகித்துக் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் பலித்தது. இப்போது? உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், ரத்தத் தொற்றை உண்டாக்கும் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவில் 55 சதவீதத்துக்கு மேல் செஃப்ட்ரியாக்சோன் வகை ஆன்டிபயாடிக் ஊசிகளுக்கு மசியவில்லை. அடுத்து மெரோபெனம் என்ற இன்னும் வலுவான ஆன்டிபயாடிக் என்றால், அதையும் உடைக்கும் நொதி ஒன்று சில கிருமிகளிடம் உண்டு. தில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய நோயாளியிடம் 2008இல் கண்டுபிடித்து, அதற்கு நம் ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். எனக்கும் எரிச்சல்தான். 2011இல், தில்லியின் 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டில் அந்த நொதியை உண்டாக்கும் மரபணு இருந்ததாக ஆய்வு வந்தது. பிறகு பெயரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, வீட்டில் யாரையாவது காய்ச்சலோடு சேர்த்தால், ஏற்கெனவே விழுங்கிய மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். "கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாச்சா?" என்று முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் கேளுங்கள். எடுக்கச் சில நிமிஷம் போதும், ஊசி தாமதமாகக் கூடாது.

குப்பி இயந்திரத்துக்குள் போய்விடும். கிருமி வளர்ந்து கரியமில வாயு விட்டதும் இயந்திரம் சத்தம் போடும், பெரும்பாலும் இரண்டு நாளுக்குள். ராத்திரி 2 மணியானாலும் நாங்கள் வார்டுக்குப் போன் போட்டுவிடுவோம்.